கீரனூர் வட்டாரத்தில் நடையும் சைக்கிளும்

கீரனூர், திருச்சி–புதுக்கோட்டைச் சாலையில் அமைந்த குளத்தூர் வட்டத்தின் தலைமையிடம். தொண்டைமான்கள் ஆண்ட புதுக்கோட்டைச் சமஸ்தானத்தின் மூன்று வட்டங்களுள் குளத்தூரும் ஒன்று. வானம் பார்த்த பூமி. வரகும் கேழ்வரகும் விளைந்த மண். 1929இல் திருச்சியிலிருந்து புதுக்கோட்டைக்கு ரயில் வந்த பிறகும், சுற்றுக் கிராமத்தவர்க்குச் சந்தைக்கும் வயலுக்கும் நடைதான். ஊருணித் தண்ணீர் பெண்களின் இடுப்பில் வீடு வந்தது. நாற்பது வயதைத் தாண்டியவர்க்கும் உடலை அசைக்கத் தனி நேரம் ஒதுக்கும் தேவை இருக்கவில்லை. அதற்காக அந்த வாழ்க்கையைப் பொற்காலம் என்று கொண்டாட முடியாது. ஓய்வில்லாத சுமை உடலை வளர்த்ததைவிடத் தேய்த்ததே அதிகம்.

நடையும் சுமையுமாக இருந்த இந்த வாழ்க்கையில் பெரிய மாற்றம் 1991இல் வந்தது. அப்போது புதுக்கோட்டை மாவட்ட ஆட்சியராக இருந்த ஷீலா ராணி சுங்கத், அறிவொளி என்னும் எழுத்தறிவு இயக்கத்தில் எழுத்தோடு சைக்கிளையும் சேர்த்தார். கூலிப் பெண்கள், கல்குவாரித் தொழிலாளர்கள், அங்கன்வாடிப் பணியாளர்கள், ஆசிரியைகள் எனப் பலரும் சைக்கிள் பழகினர். கேலிப் பேச்சு வந்தது. அதைக் கடந்து அவர்கள் ஓட்டினர். லேடீஸ் சைக்கிள் கிடைக்காதபோது ஜென்ட்ஸ் சைக்கிளையே எடுத்தனர். குறுக்குக் கம்பியில் பிள்ளையை உட்கார வைக்கலாம் என்பதால் அதையே விரும்பியவர்களும் உண்டு. 1992இல் உலக மகளிர் நாளை ஒட்டிப் புதுக்கோட்டை நகரில் 1,500க்கும் மேற்பட்ட பெண்கள் ஊர்வலமாகச் சைக்கிளில் வந்தனர். பத்திரிகையாளர் பி. சாய்நாத் எழுதியதால் இச்செய்தி நாடெங்கும் பரவியது. பேருந்துக்குக் காத்திராமல், தந்தையோ கணவரோ கொண்டுவிட வேண்டும் என்றும் இல்லாமல், தாமே போய்வர முடிந்ததுதான் இந்த மாற்றத்தின் உண்மையான பயன்.

முதுமைக்குச் சைக்கிள் சேர்த்த நன்மை அன்று யாருடைய கணக்கிலும் இல்லை. மனித உடலில் நடுவயதிலிருந்தே தசை குறையத் தொடங்குகிறது. மாதவிலக்கு நின்றபின் பெண்களுக்கு எலும்பின் அடர்த்தியும் வேகமாகக் குறைகிறது. சைக்கிள் மிதிக்கும்போது உடல் எடையின் பெரும்பகுதியை இருக்கை தாங்கிக்கொள்வதால், முழங்காலுக்கு அதிக அழுத்தம் இல்லாமல் தொடைத் தசை வலுப்பெறும். எலும்புக்கோ எடை தாங்கும் நடை வேண்டும். சைக்கிள் அதற்கு ஈடாகாது. வாரத்தில் குறைந்தது 150 நிமிட மிதமான உடலியக்கம் வேண்டும் என்றும், 65 வயதைக் கடந்தவர்க்குச் சமநிலைப் பயிற்சியும் தசைவலுப் பயிற்சியும் வாரம் மூன்று நாளாவது தேவை என்றும் உலகச் சுகாதார நிறுவனம் 2020இல் வரையறுத்தது. கடைக்கும் ரேஷனுக்கும் தினமும் கால் மணி நேரம் போய், கால் மணி நேரம் திரும்பினால் அந்த 150 நிமிடம் ஐந்தே நாளில் நிறைந்துவிடும்.

பின்னர் மொபெட்டும் ஸ்கூட்டரும் பெருகின. 2021 முதல் சாதாரண நகரப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணம் இல்லை. பயணம் எளிதானது நல்லதே. ஆனால் அன்றாட அசைவு குறைந்தது. உடல்நலத்துக்கான அரசுத் திட்டங்களும் வந்தன. 2021 ஆகஸ்டில் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டம், இரத்த அழுத்தத்துக்கும் சர்க்கரை நோய்க்கும் உரிய மருந்துகளை வீட்டுக்கே கொண்டுவருகிறது. இயன்முறைச் சிகிச்சையும் அதில் உண்டு. 2023 நவம்பரில், மாவட்டந்தோறும் 8 கிலோமீட்டர் நடைபாதையை அடையாளப்படுத்தும் 'நடப்போம் நலம் பெறுவோம்' திட்டம் வந்தது.

1991இல் முப்பத்தைந்து வயதில் சைக்கிள் பழகிய ஒரு பெண்ணுக்கு இப்போது எழுபதை ஒட்டிய வயது. அன்று பிள்ளையை உட்கார வைக்க உதவிய குறுக்குக் கம்பி, இன்று காலைத் தூக்கி ஏற முடியாத தடை. கம்பி தாழ்ந்த சைக்கிளும், பாதம் தரையில் ஊன்றுமளவு இறக்கிய இருக்கையும் இந்த வயதில் விழும் ஆபத்தைக் குறைக்கும். முழங்கால் வலியோ தலைச்சுற்றலோ உள்ளவர்கள் மருத்துவரைக் கேட்டே மீண்டும் தொடங்க வேண்டும்.