ஒரு வெள்ளி கொடுத்தவங்க

கொஞ்சம் நீளமான பதிவு, பொறுமையா படிங்க.

போன மாசம் எங்க ஆலயக் கூட்டம். திருவிழாப் பூ அலங்காரத்துக்கு உபயம் யார்னு கேட்டதும் அஞ்சு நிமிஷத்தில் மூணு பேர் கை தூக்கிட்டாங்க. அடுத்து, தமிழ்ப்பள்ளிப் பிள்ளைகளுக்கு டியூஷன் நடத்த உதவி கேட்டு வந்த கடிதத்தை வாசிச்சாங்க. "அது அரசாங்கத்தோட வேலை"ன்னு ஒருத்தர் சொன்னார். அதோட முடிஞ்சது. நானும் வாயைத் திறக்கல. அது இன்னும் மனசை உறுத்துது. அதனால்தான் இந்தப் பழைய கதை.

ஒரு தோட்டத்தில் 7 முதல் 14 வயசுக்குள்ள பத்துப் பிள்ளைகள் இருந்தா நிர்வாகம் பள்ளி நடத்தணும்னு 1923ஆம் ஆண்டு தொழிலாளர் சட்டம் சொன்னது. ஆனா பல தோட்டங்களில் கிடைச்சது ஒரு கொட்டகையும் ஒரு வாத்தியாரும்தான். சில இடத்தில் கிராணியோ கங்காணியோதான் வாத்தியார். அதுக்கு மேல படிப்பு இல்ல, பால்மரம்தான்.

அப்படிப்பட்ட ஜனங்ககிட்டதான் 1950களில் ஒரு வேண்டுகோள் வந்தது. அப்போ மலாயாப் பல்கலைக்கழகம் சிங்கப்பூரில் இருந்தது. அங்கே இந்திய இயல் துறை தொடங்கணும்னு பேச்சு வந்தப்போ, முதலிடம் சமஸ்கிருதத்துக்கா தமிழுக்கா என்ற வாதம் கிளம்பியது. 'தமிழ் முரசு' ஆசிரியர் கோ. சாரங்கபாணி தமிழுக்காகப் போராடினார். 'தமிழ் எங்கள் உயிர்' என்ற பேரில் நிதி திரட்டினார். ஆளுக்கு ஒரு வெள்ளி. பால்வெட்டுத் தொழிலாளிகளும் கொடுத்தாங்க. 1956இல் துறை தொடங்கியது, தமிழும் இடம் பிடிச்சது. பிறகு அது கோலாலம்பூருக்கு வந்தது. தனிநாயகம் அடிகள் அதன் தலைவரா இருந்தார்.

யோசிச்சுப் பாருங்க. அந்தப் பல்கலைக்கழக வாசலைக்கூடப் பார்க்காதவங்க கொடுத்த காசு அது. கல்வெட்டில் பேர் இல்ல, மேடையில் மாலை இல்ல.

நம்ம பேராக்கிலேயே இன்னொரு உதாரணம் இருக்கு. சுங்கை சிப்புட்டில் பிறந்த துன் வீ. தி. சம்பந்தன் படிச்சது அண்ணாமலைப் பல்கலைக்கழகத்தில். அது அண்ணாமலை செட்டியார் அள்ளிக் கொடுத்த நன்கொடையில் 1929இல் எழுந்தது. ஒருத்தர் கொடுத்த தானத்தில் படிச்சவர் ஊருக்குத் திரும்பி வந்து, 1954இல் சுங்கை சிப்புட்டில் மகாத்மா காந்தி கலாசாலையை உருவாக்கினார். திறந்து வெச்சவர் நேருவின் தங்கை விஜயலட்சுமி பண்டிட்.

செட்டியார் கிட்டே கோடி இருந்தது. சம்பந்தன் கிட்டே அப்பா வெச்ச சொத்து இருந்தது. பால்வெட்டுக்காரர் கிட்டே அன்றைய கூலிதான் இருந்தது. மூணு பேரும் கொடுத்தாங்க. அப்போ இது வசதியைப் பொறுத்தது இல்ல. எதை நம்முடையதுன்னு நினைக்கிறோம் என்பதுதான். கோயிலை நம்முடையதுன்னு நினைக்கிறோம், கேட்காமலே கொடுக்கிறோம். பள்ளியை அரசாங்கத்துடையதுன்னு நினைச்சிட்டோம்.

பூ அலங்காரம் வேண்டாம்னு சொல்ல வரல. நானே வருஷா வருஷம் பூ கட்டுறவன்தான். எங்கப்பா தோட்டத்தில் மரம் வெட்டித்தான் என்னை எஸ்.பி.எம். வரைக்கும் படிக்க வெச்சார். அதுக்கு மேல முடியல. அந்தக் குறை எனக்குத் தெரியும்.

அடுத்த கூட்டத்தில் அந்தக் கடிதத்தை மறுபடி எடுக்கச் சொல்லப் போறேன். என் பங்கு மாசம் 50 வெள்ளி. கூட யாராவது வர்றீங்களா? ஒரு வெள்ளின்னாலும் பரவாயில்ல.