பஞ்சமும் பிடியரிசியும்

துன்பம் சூழ்ந்த காலத்தில் மனிதன் எதைப் பற்றிக்கொண்டு நிற்கிறான் என்பது எல்லாச் சமயத்தாருக்கும் பொதுவான வினா. கிறிஸ்தவ சமயம் அதற்கு அளிக்கும் விடையை 'நம்பிக்கை' என்னும் ஒரு சொல்லில் அடக்குவர். மொழிபெயர்ப்புத் தொழிலில் இருப்போர் இச்சொல்லின் முன் சற்றே தயங்கி நிற்பதுண்டு. கடவுள்மேல் வைக்கும் பற்றும் தமிழில் நம்பிக்கைதான். நாளை நலம் விளையும் என்னும் எதிர்பார்ப்பும் நம்பிக்கைதான். தமிழ் விவிலியம் முன்னதை 'விசுவாசம்' என்றும், பின்னதை 'நம்பிக்கை' என்றும் பிரித்து வழங்கிற்று. தெலுங்கு விவிலியமோ பின்னதற்கு 'நிரீட்சண' என்ற சொல்லை ஆள்கிறது. எதிர்நோக்கிக் காத்திருத்தல் என்பது அதன் பொருள்.

காத்திருப்பது எதற்காக? யாரேனும் வந்து கைகொடுத்துத் தூக்கிவிடுவதற்காகவா? அன்றி, நாமே பிறருக்குக் கைகொடுக்கும் நாள் வருவதற்காகவா? இவ்வினாவுக்கு விடையாக அமைந்த ஒரு வரலாறு தமிழ்நாட்டில் தொடங்கித் தெலுங்கு நாட்டில் முடிந்தது. வெளிமாநிலங்களில் வாழும் தமிழராகிய நாம் அதனை அறிந்திருத்தல் நன்று.

ஹைதராபாத்து நகரின் லாலாகுடாவில் வாழும் தமிழ் நேயர்களுக்கு அவ்வரலாறு மிக அண்மையது. செகந்திராபாத்திலிருந்து பெஜவாடா வரை, அதாவது இன்றைய விஜயவாடா வரை, நைஜாம் இரயில்வேயின் பாதை 1889-ஆம் ஆண்டு எட்டிற்று. 1893-இல் லாலாகுடாவில் அந்த இரயில்வேயின் பட்டறை எழுந்தது. பட்டறையையும் பாளையத்தையும் நாடித் தமிழ்க் குடும்பங்கள் பல இப்பகுதிக்கு வந்து சேர்ந்தன. ஊதியம் தேடி வந்தவர்கள் அவர்கள். அதே பாதையில் இருநூறு கிலோமீட்டருக்கு அப்பால் உள்ள தோர்ணக்கல் என்னும் ஊருக்கு வேறு சில தமிழர் வந்தனர். அவர்கள் வந்தது கொடுப்பதற்காக. கொடுக்க அவர்களிடம் மிகுதியாக எதுவும் இருந்ததா என்றால், அதுவும் இல்லை.

இதன் வேரைக் காணத் தாது வருஷப் பஞ்சத்திற்குச் செல்ல வேண்டும். 1876 முதல் 1878 வரை தென்னாட்டை வாட்டிய அப்பஞ்சத்தை நம் பாட்டனார் காலத்து மக்கள் நெடுநாள் மறக்கவில்லை. மழை பொய்த்தது, தானிய விலை ஏறிற்று, இந்தியா முழுவதும் ஐம்பது லட்சத்துக்கும் மேற்பட்டோர் மாண்டதாகக் கணக்கிடுவர். நிவாரண வேலைக்குச் சென்ற ஆண் ஒருவனுக்கு நாளொன்றுக்கு ஒரு பவுண்டு தானியமும் ஓர் அணாவும் கூலியாகப் போதும் என்று 1877-இல் சர் ரிச்சர்டு டெம்பிள் வகுத்தார். உடலுழைப்பைச் செய்பவனுக்கு இவ்வளவு போதாது என்று சென்னை அரசின் சுகாதார ஆணையர் கார்னிஷ் வாதாடினார். பஞ்சத்தில் வாடியவர் உயிரை அளவையில் வைத்து நிறுத்த காலம் அது.

அக்காலத்தில்தான் கிறிஸ்தவ சமயத்தில் ஏழைகள் திரள் திரளாகச் சேர்ந்தனர். இதனைக் கண்டவர் பலர், "இவர்கள் கஞ்சிக்காக வந்தவர்கள்" என்றனர். 'அரிசிக் கிறிஸ்தவர்' என்ற இழிபெயரும் வழங்கலாயிற்று. இக்குற்றச்சாட்டை நாம் எளிதாகத் தள்ளிவிடலாகாது. பசித்தவனுக்குச் சோறும் சமயமும் ஒரே கையிலிருந்து வரும்போது, அவன் எதைப் பெறுவதற்காகக் கையை நீட்டினான் என்பதைப் பிறர் எங்ஙனம் அறிவர்? சில வேளை அவனே அறிவானா?

இவ்வினாவின் கூர்மையை உணர்ந்தவர் ஓங்கோலில் பணிபுரிந்த அமெரிக்கப் பாப்டிஸ்டு ஊழியர் ஜான் கிளௌ. இளமையில் நில அளவைத் தொழில் பயின்றவர் அவர். பஞ்சத்தின்போது, அன்று வெட்டப்பட்டுக்கொண்டிருந்த பக்கிங்காம் கால்வாயில் மூன்று மைலுக்கு மேற்பட்ட பகுதியைத் தாமே ஒப்பந்தமாக எடுத்தார். தோல் தொழில் செய்து வந்த மாதிகர் முதலிய வறியோர் அங்கே மண் வெட்டிக் கூலி பெற்றனர். வேலை முடியும் மாலைப் பொழுதில் போதனையும் நடந்தது. ஞானஸ்நானம் வேண்டி வந்தவர் பலர். ஆயினும், நிவாரணப் பணம் கைமாறும் நாள்களில் எவருக்கும் ஞானஸ்நானம் தருவதில்லை என்று ஓராண்டுக்கும் மேலாக அவர் மறுத்தே வந்தார். மழை பெய்து, நிவாரணம் நின்று, கூலிக்குப் பதிலாகக் கொடுப்பதற்கு எதுவும் இல்லாத நிலை வந்தது. அதன் பின்னும் அம்மக்கள் வந்து நின்றனர். 1878 ஜூலை 3-ஆம் நாள் குண்டலகம்மா ஆற்றில் ஒரே நாளில் 2,222 பேர் ஞானஸ்நானம் பெற்றனர்.

எண்ணிக்கையைக் காட்டிலும் இடையில் கழிந்த அந்த ஓராண்டே நாம் நோக்கத்தக்கது. சோறு நின்ற பின்னும் எஞ்சியது எதுவோ அதுதான் நம்பிக்கை என்பது கிளௌவின் கணிப்பு. இழிவாகத் தீண்டப்படாதவராய் வைக்கப்பட்ட மக்களுக்கு, நாமும் மனிதர், நம் பெயரும் ஒரு புத்தகத்தில் எழுதப்படும் என்ற எண்ணம் ஒரு வேளைக் கஞ்சியினும் பெரிதாயிற்று எனலாம்.

தமிழகத்தில், திருநெல்வேலிச் சீமையிலும் பஞ்ச நாள்களில் ஆயிரக்கணக்கானோர் சபைகளில் சேர்ந்தனர். தமிழ் அறிஞர் உலகம் 'திராவிட மொழிகளின் ஒப்பிலக்கணம்' தந்தவராகப் போற்றும் இராபர்ட்டு கால்டுவெல் 1877-இல்தான் அங்கே உதவிப் பேராயர் ஆனார். 1876-இல் நாசரேத்துக்கு வந்த மார்காசிஸ் ஐயர் பெற்றோரை இழந்த பிள்ளைகளுக்கு இல்லம் அமைத்தார். 1878-இல் கைத்தொழிற் பள்ளியும் தொடங்கினார். சோறிட்டு அனுப்புவதோடு நில்லாமல் தொழிலும் கற்பித்தல் வேண்டும் என்பதே அவர் கருத்து. இன்னொருவர் இலையை எதிர்நோக்கும் நிலை நீங்க வேண்டுமாயின் கைக்கு ஒரு கருவி வேண்டும் அன்றோ?

பஞ்சத்துக்கு இரண்டாண்டுகளுக்கு முன், 1874 ஆகஸ்டு 17-இல், பனைமரங்கள் நிறைந்த வெள்ளாளன்விளை என்னும் சிற்றூரில் ஒரு போதகர் வீட்டில் வேதநாயகம் சாமுவேல் அசரியா பிறந்தார். மெஞ்ஞானபுரத்திலும் திருநெல்வேலியிலும் சென்னைக் கிறிஸ்தவக் கல்லூரியிலும் பயின்றார். கல்லூரியை விட்டபின் வை.எம்.சி.ஏ. சங்கத்தில் செயலாளராகப் பணியேற்றார். அவர் 1902-இல் யாழ்ப்பாணம் சென்றபோது, அங்குள்ள தமிழ்க் கிறிஸ்தவர் தம் செலவிலேயே கடல் கடந்து ஊழியரை அனுப்பி வருவதைக் கண்டார். நம்மூரார் மேனாட்டவர் அனுப்பும் பணத்தை எதிர்பார்த்தே இருக்க, இவர்கள் கொடுப்பவராய் விளங்குவது எப்படி என்ற எண்ணம் அவரை உறுத்திற்று.

அதன் விளைவாக 1903 பிப்ரவரி 12-இல் பாளையங்கோட்டையில் 'இந்தியன் மிஷனெரி சங்கம்' தோன்றிற்று. இந்திய ஊழியர், இந்தியப் பணம், இந்திய நிருவாகம் ஆகிய மூன்றும் அதன் அடிப்படைகள். பஞ்சம் கண்ட தலைமுறையின் மக்களும் பேரரும், இருபத்தைந்து ஆண்டுகள் முடிவதற்குள், பிறர்க்கு அளிக்கும் சங்கத்தைத் தாமே நிறுவினர். அவர்கள் தெரிந்தெடுத்த இடம் நைஜாம் சீமையின் தெலுங்கு நாடு. மொழி வேறு, ஆட்சி வேறு, உணவு வேறு. சங்கத்தின் முதல் களம் தோர்ணக்கல் வட்டாரம்.

பணம் எங்கிருந்து வந்தது? பெருவாரியாக எளியோரின் அடுக்களையிலிருந்து வந்தது. உலையில் அரிசி இடுமுன் ஒரு பிடியை வேறொரு கலயத்தில் இட்டு வைப்பர் பெண்கள். வாரக் கடைசியில் அது கோயிலுக்குச் செல்லும். பிடியரிசி வழக்கம் கிறிஸ்தவருக்கு மட்டும் உரியதன்று. தமிழகத்தில் பிற சமயத்தாரிடையேயும் அது உண்டு. வடகிழக்கே மிசோ மலைகளிலும் இருபதாம் நூற்றாண்டின் தொடக்கம் முதல் கிறிஸ்தவப் பெண்கள் இவ்வாறே பிடியரிசி ஒதுக்கித் தம் சபைகளைப் புரந்து வருகின்றனர். இதில் ஒரு நுட்பம் உண்டு. உண்டபின் எஞ்சியதைக் கொடுப்பதன்று இது. உலை வைக்குமுன் கொடுப்பது. கொடுப்பவளின் பானையில் ஒரு பிடி குறைகிறது. கையில் காசில்லாத வீடும் கொடுக்கும் வீடாகிவிடுகிறது.

அசரியா 1909-இல் குருப்பட்டம் பெற்றுத் தோர்ணக்கல்லுக்குச் சென்றார். தொடக்கத்தில் கூடாரத்தில் வாழ்ந்தார், தெலுங்கு கற்றார். மறு ஆண்டு ஸ்காத்துலாந்தின் எடின்பரோவில் கூடிய உலக மாநாட்டில் பேசிய அவர், மேனாட்டு ஊழியர் தம் உழைப்பையும் பொருளையும் வழங்கினால் போதாது, இந்தியரை நண்பராகவும் ஏற்க வேண்டும் என்று முறையிட்டார். 1912 டிசம்பர் 29-இல் கல்கத்தாவில் பேராயராக அபிஷேகம் பெற்றார். ஆங்கிலிகன் திருச்சபையில் இந்தியர் ஒருவர் பேராயரானது அதுவே முதன்முறை.

தோர்ணக்கல்லில் அவர் சந்தித்தவர் பெரும்பாலும் நிலமற்ற மாலர், மாதிகர். கடனும் கொத்தடிமையும் அவர்களுடைய வாழ்வு. அவர்களிடமும் அசரியா பிடியரிசியைக் கேட்டார். ஏழையிடம் கேட்பது கொடுமையன்றோ என்று தோன்றலாம். ஏழையிடம் எதையும் கேளாதிருப்பது அவனை என்றும் இரவலனாகவே எண்ணுவதாகும் என்பது அவர் கொள்கை. கிறிஸ்தவ ஈகை பற்றி ஒரு நூலும் எழுதினார். 1935-இல் அவர் மறைமாவட்டத்தில் ஏறத்தாழ 250 இந்தியக் குருக்களும், 2,000-க்கு மேற்பட்ட சிற்றூர் ஆசிரியர்களும் இருந்தனர். எழுத்தறியாதிருந்த சேரிகளில் அவ்வாசிரியர்களே பலருக்கு முதல் எழுத்தைக் காட்டினர்.

இங்கும் பழைய வினா எழாமல் இல்லை. வறியோர் பெருந்திரளாக மதம் மாறுவதை 1930-களில் காந்தியடிகள் கண்டித்தார்; அசரியாவுடன் அவருக்குக் கருத்து வேற்றுமை நேர்ந்தது. இருவருமே தாழ்த்தப்பட்டோரின் உயர்வை நாடியவர், வழியில் வேறுபட்டனர். அவ்வழக்கில் தீர்ப்புக் கூறுதல் இவ்வுரையின் நோக்கமன்று. காந்தியடிகள் எழுப்பிய ஐயம், பஞ்ச காலத்தில் கிளௌவே தமக்குள் எழுப்பிக்கொண்ட ஐயம் என்பதை மட்டும் நினைவில் கொள்வோம். சொல்லால் தீராத அந்த ஐயத்துக்கு அம்மக்கள் தம் கலயத்தில் இட்ட பிடியரிசியால் ஒருவாறு மறுமொழி கூறினர். பெறுவதற்காக மட்டும் வந்தவர் கொடுத்துக்கொண்டே இருக்கமாட்டார்.

தோர்ணக்கல்லில் இன்றும் நிற்கும் பேராலயம் இதற்குச் சான்று. அதைக் கட்டி முடிக்கப் பல்லாண்டுகள் ஆயின. பணம் வந்தபோது வேலை வளர்ந்தது, வராதபோது நின்றது. இந்துக் கோயிலின் தூண்களும் முஸ்லிம் கட்டடத்தின் குவிமாடங்களும் அதன் அமைப்பில் இணைந்துள்ளன. 1939-இல் அது திருநிலைப்படுத்தப்பட்டது. தென்னிந்தியாவின் திருச்சபைகள் பல ஒன்றாக இணைய வேண்டும் என்பதும் அசரியாவின் பேரவா. அதற்காகப் பல்லாண்டு உழைத்தார். ஆனால் 1945 ஜனவரி முதல் நாள் தோர்ணக்கல்லில் அவர் மறைந்தார்; தென்னிந்தியத் திருச்சபை உருவானதோ 1947 செப்டம்பர் 27-இல். தாம் விதைத்ததன் அறுவடையை அவர் காணவில்லை. தெலுங்கர் கூறும் 'நிரீட்சண' என்பதன் பொருள் இவ்விடத்தில் நமக்குத் தெளிவாகிறது. காத்திருந்தவர் கைகட்டிக் காத்திருக்கவில்லை; பிறர் அறுக்கப்போகும் வயலை உழுதுகொண்டே காத்திருந்தார்.

கிறிஸ்தவர் 'ஆசீர்வாதம்' என்று கூறுவதைப் பலரும் செல்வம், நோயின்மை, மக்கட்பேறு என்றே எண்ணுவர். நாம் கண்ட வரலாற்றில் அவை எவையும் உடனே வந்துவிடவில்லை. பஞ்சம் கழிந்த பின்னும் பனையேறி பனையேறியாகவே இருந்தார்; கூலிக்காரர் கூலிக்காரராகவே இருந்தார். மாறியது ஒன்றே: வாங்கிய கை கொடுக்கும் கையாயிற்று. அதனையே அவர்கள் ஆசீர்வாதம் எனக் கொண்டனர்.

நேயர்களே, வெளிமாநிலத்தில் வாழும் நமக்கும் நெருக்கடிகள் உண்டு. வேலை நிலையாமை, வாடகை, பிள்ளைகளின் படிப்பு, ஊரில் முதுமையடையும் பெற்றோர் என அவை பலவாகும். எந்தச் சமயத்தவராயினும், ஊருக்கு அனுப்பும் பணத்தை ஒதுக்கிய பின்னர், நாம் வாழும் ஊருக்கென ஒரு பிடி ஒதுக்க இயலுமா என்று எண்ணிப் பார்க்கலாம். அடுத்த வீட்டுத் தெலுங்குப் பிள்ளைக்குச் சொல்லிக் கொடுக்கும் ஒரு மணி நேரப் பாடமாகவும் அது இருக்கலாம். இரயில்வே மருத்துவமனையில் துணையின்றிக் கிடக்கும் நோயாளிக்குக் கொண்டு செல்லும் கஞ்சியாகவும் இருக்கலாம். லாலாகுடாவின் பக்கத்திலிருந்து புறப்படும் அந்தப் பாதையிலேயே நூறாண்டுகளுக்கு முன் நம்மவர் சிலர் அவ்வாறு ஒரு பிடியை எடுத்துச் சென்றனர்.