எண்ணெய் ஏறிய துளை

1883இல் இங்கிலாந்தின் இயந்திரப் பொறியாளர் கழகம் ஓர் ஆய்வறிக்கையை வெளியிட்டது. அதில் ஒரு துளையிலிருந்து அடைப்பு எகிறிய சம்பவம் வருகிறது. வாசிக்க ஏதோ சின்ன விபத்து மாதிரி இருக்கும். ஆனால் வேலை பார்த்துக் கட்டிய படகு இன்ஜினில் பேரிங் ஏன் போனது என்று இன்றைக்கு நாம் தேடும் வழி அங்கேதான் தொடங்குகிறது.

பேரிங் என்றதும் சைக்கிள் சக்கரத்தின் குண்டுகள் ஞாபகம் வரும். இது அது இல்லை. டீசல் இன்ஜினின் கிராங்க் ஷாஃப்ட், குண்டு எதுவும் இல்லாத வழவழப்பான வளையத்துக்குள் சுற்றுகிறது. மேல் பாதி, கீழ்ப் பாதி என இரண்டு அரைவட்டத் தகடுகள் சேர்ந்ததுதான் அந்த வளையம். ஷெல் என்பார்கள். முதுகு எஃகு, உள்பக்கம் மிருதுவான உலோகம். சுற்றுகிற இடத்தில் போய் யாராவது மிருதுவான உலோகத்தை வைப்பார்களா? வைப்பார்கள், காரணத்தோடுதான். சின்னத் துகள் வந்தால் அது தனக்குள் புதைத்துக்கொள்ளும். பெரிய ஆபத்து வந்தால் விலை உயர்ந்த ஷாஃப்டுக்குப் பதில் தான் உருகிச் சாகும். 1839இல் அமெரிக்கரான ஐசக் பாபிட் இதற்குக் காப்புரிமை வாங்கினார். வெள்ளீயம், ஆண்டிமனி, செம்பு கலந்த அந்த உலோகத்துக்கு இன்றும் அவர் பெயர்தான்.

உலோகம் கிடைத்துவிட்டது. எண்ணெய் எப்படி வேலை செய்கிறது என்பது மட்டும் பிடிபடவில்லை. ரயில், கப்பல் என எங்கும் பேரிங்குகள் சூடேறிப் பிடித்துக்கொண்டிருந்தன. பொறியாளர் கழகம் இதை ஆராயும் வேலையை பியூசாம்ப் டவரிடம் கொடுத்தது. கப்பல் மாதிரிகளை நீரில் இழுத்துச் சோதித்த வில்லியம் ஃபுரூடிடம் உதவியாளராக இருந்தவர் அவர்.

டவர் ஒரு ரயில் அச்சு பேரிங்கை எடுத்துக்கொண்டார். சுமை முழுவதும் பேரிங்கின் உச்சியில் விழும். அச்சின் அடிப்பகுதி எண்ணெய்த் தொட்டியில் நனைந்தபடி சுற்றும். வழக்கமான முறையில் எண்ணெய் விடுவதையும் சோதிக்க நினைத்து, உச்சியில் அரை அங்குலத் துளை ஒன்று போட்டார். இயந்திரத்தை ஓட்டியதும், எண்ணெய் உள்ளே போகவேண்டிய துளை வழியாக எண்ணெய் மேலே ஏறி வழிந்தது. தக்கை வைத்து அடைத்தார், தள்ளிவிட்டது. மரக்கட்டையால் அடைத்தார், அதையும் தள்ளிவிட்டது. கடைசியில் அழுத்தமானியை மாட்டினார். பேரிங் மேல் இருந்த சராசரிச் சுமை சதுர அங்குலத்துக்கு 100 பவுண்டு. மானியின் முள் 200ஐயும் தாண்டியது.

அதாவது அச்சு உலோகத்தைத் தொடவே இல்லை. எண்ணெய் மேல் மிதந்தபடி சுற்றிக்கொண்டிருந்தது. அதுவரை பொறியாளர்கள், சுமை எங்கே அதிகமோ அங்கேதான் எண்ணெய் வேண்டும் என்று உச்சியிலேயே துளை போட்டு வந்தார்கள். தாங்கிப் பிடித்த எண்ணெய் அந்தத் துளை வழியாகத்தான் தப்பிப்போனது. மருந்து என்று கொடுத்ததே நோயாக இருந்திருக்கிறது.

1886இல் ஆஸ்போர்ன் ரெனால்ட்ஸ் இதற்குக் கணக்குப் போட்டுக் காட்டினார். அச்சு நடு மையத்தில் இல்லாமல் கொஞ்சம் விலகி நிற்கும். அதனால் இடைவெளி ஆப்பு மாதிரி குறுகிக்கொண்டே போகும். சுற்றும் அச்சு எண்ணெயை அந்தக் குறுகலுக்குள் இழுத்துத் திணிக்க, அழுத்தம் எழும். ஆயில் பம்ப் எண்ணெயைக் கொண்டுவந்து சேர்க்கிறது, அவ்வளவுதான். சுமையைத் தூக்குவது சுழற்சி.

இதை வைத்துக்கொண்டு நம் கடற்கரைக்கு வருவோம். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். விசைப்படகு இன்ஜின்களைப் பிரித்து வேலை பார்ப்பது பெரும்பாலும் அப்போதுதான். கிராங்க் ஷாஃப்டை கிரைண்டிங் போட்டு, அண்டர்சைஸ் பேரிங் மாட்டி, ஐஸும் டீசலும் ஏற்றி முதல் நாள் கடலுக்குப் போகும்போது ஆயில் பிரஷர் இறங்குகிறது, அடியில் 'டொக் டொக்' சத்தம் கேட்கிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். கரைக்கு இழுத்து வந்த பிறகு பஞ்சாயத்து. லேத்துக்காரர் மேல் தப்பா, மெக்கானிக் மேல் தப்பா, ஓட்டினவர் மேல் தப்பா? அந்தச் செலவு யார் தலையில் விழும்?

சாட்சி சொல்ல ஷெல் இருக்கிறது. எல்லா ஷெல்களிலும் சுற்றுவாக்கில் கீறல், உள்ளே புதைந்த துகள் என்றால், கிரைண்டிங் தூள் எண்ணெய்த் தடங்களில் சுத்தம் செய்யப்படாமல் தங்கியிருக்கிறது. ஒரே ஒரு ஷெல்லில் மட்டும் பளபளக்கும் புள்ளி, அதன் முதுகிலும் அதே இடத்தில் ஒரு தடம் என்றால், மாட்டும்போது பின்னால் ஏதோ தூசி சிக்கியிருக்கிறது. ஓரம் மட்டும் தேய்ந்திருந்தால் ராடு வளைந்திருக்கலாம், அரைத்த இடம் சாய்வாக இருக்கலாம். ஆயில் பால் மாதிரி வெளுத்து, ஷெல் அரித்திருந்தால் தண்ணீர் கலந்திருக்கிறது. படகில் முதலில் ஆயில் கூலரைப் பார்க்க வேண்டும்.

இன்னொன்று நேராக டவரின் துளைக்கே போகிறது. பல டீசல் இன்ஜின்களில் மெயின் பேரிங்கின் மேல் ஷெல்லில் துளையும் பள்ளமும் இருக்கும், கீழ் ஷெல் வெறுமையாக இருக்கும். பிஸ்டன் அடிக்கும் அடி கீழ் ஷெல் மேல்தான் விழுகிறது. அங்கே எண்ணெய் தப்பிக்க வழி இருக்கக் கூடாது என்பது டவர் கற்றுத்தந்த பாடம். இரண்டையும் மாற்றி மாட்டினால் பிளாக்கிலிருந்து வரும் எண்ணெய் வழி அடைபட்டுப்போகும். அந்த மெயின் பேரிங் வறண்டு போகும். அதன் வழியாக எண்ணெய் வாங்கும் பக்கத்து பிக் எண்ட் பேரிங்கும் சேர்ந்தே போகும். இப்படி ஜோடியாகக் கருகிக் கிடந்தால், புது செட்டுக்கு ஆள் அனுப்புவதற்கு முன் பழைய மேல் ஷெல்லைத் திருப்பி, அதில் துளை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும்.

பலரும் பார்ப்பதில்லை. "பேரிங் மட்டமான மால்ணே" என்று சொல்லிப் புதுசை மாட்டிவிடுவார்கள். பேரிங் பெரும்பாலும் தன் குற்றத்தால் சாவதில்லை. காரணத்தைத் தேடாமல் மாட்டிய அடுத்த செட்டும் அதே வழியில்தான் போகும், ஒருவேளை கரையே தெரியாத தூரத்தில், ஆறேழு பேர் படகில் இருக்கும்போது.