விரால் மீன்

விரால் (சன்னா ஸ்ட்ரையேட்டா): தெற்கு ஆசியாவிலும் தென்கிழக்கு ஆசியாவிலும் சதுப்பு, குளம், வயல்வாய்க்கால்களில் வாழும் நன்னீர் மீன். வராலென்றும் சொல்வர். புளோக் என்ற மீனியலாளர் 1793-இல் இதை அறிவியல் முறையில் விவரித்தார். பாம்பு போன்ற தலை, உருண்டு நீண்ட உடல். 1 மீட்டர் வரை வளரக்கூடியது. பெரும்பாலும் அதைவிடச் சிறியவையே சிக்கும்.

செவுளுக்கு மேலுள்ள சுவாச உறுப்பால் காற்றை நேரடியாகச் சுவாசிக்கிறது. அதனால் உயிர்வளி குறைந்த கலங்கல் நீரிலும் வாழும். கோடையில் குளம் வற்றினால் ஈரச்சேற்றுக்குள் புதைந்து மழைக்குக் காத்திருக்கும். நீர்மட்டத்தில் காற்று வாங்க வரும்போது எழும் சலனமே தூண்டில்காரருக்கு முதல் துப்பு.

ஆகாயத்தாமரை, அல்லி, கோரை ஓரங்களில் இது பதுங்கி வேட்டையாடும். உயிருள்ள சிறுமீன், தவளை ஆகியவை தூண்டிலில் கோக்கும் பழைய இரைகள். இப்போது ரப்பர் தவளையைச் செடிகளின் மேல் எறிந்து, துள்ளவிட்டு இழுக்கிறார்கள். தூண்டில் முள் மேல்நோக்கி ரப்பர் உடலோடு ஒட்டியிருப்பதால் செடியில் மாட்டாது. மீன் பாய்ந்து நீர் வெடித்ததும் பதறி இழுத்தால் இரை வாயிலிருந்து நழுவிவிடும். ஓரிரு நொடி பொறுத்து, தூண்டில் நரம்பு இறுகியபின் வலுவாக இழுக்க வேண்டும். செடிக்குள் புகுந்துவிட்டால் மீட்பது கடினம் என்பதால் தடித்த பின்னல் நரம்பே ஏற்றது.

செந்நிறக் குஞ்சுகள் கூட்டமாகத் திரியும் இடத்தில் காவலிருக்கும் பெற்றோர் எதையும் ஆவேசமாகத் தாக்கும். அப்போது தூண்டிலில் பிடிப்பது எளிது, ஆனால் செய்யக்கூடாதது. காவல் போனால் குஞ்சுகள் பிற மீன்களுக்கு இரையாகிவிடும்.