மூன்று எழுத்து குறைந்த இடம்

1989 செப்டம்பர் 8 தேதியிட்ட ‘சயின்ஸ்’ இதழில் சிஸ்டிக் ஃபைப்ரோசிஸ் பற்றி மூன்று கட்டுரைகள் அடுத்தடுத்து வந்தன. நோய்க்குக் காரணமான மரபணு கிடைத்துவிட்டது! டொரண்டோவின் லாப்-சீ சூயி, ஜாக் ரியோர்டன், மிச்சிகனின் ஃபிரான்சிஸ் காலின்ஸ் ஆகிய பெயர்கள் உலகமெங்கும் அடிபட்டன. மூன்றாவது கட்டுரையின் ஆசிரியர் வரிசையில், கடைசியிலிருந்து மூன்றாவதாக ஒரு வங்காளிப் பெயர் இருந்தது: அரவிந்த சக்ரவர்த்தி.

அவர் டாக்டருக்குப் படித்தவர் அல்ல. கொல்கத்தா இந்தியப் புள்ளியியல் கழகத்தில் பட்டம் பெற்று, ஹூஸ்டனில் மசதோஷி நெய்யிடம் மரபியல் கற்று, பிட்ஸ்பர்க்கில் பேராசிரியராக இருந்தவர். நோயாளியைத் தொட்டுப் பார்க்காத ஒரு கணக்குக்காரருக்கு இதில் என்ன வேலை?

முதலில் நோயைச் சொல்லிவிடுகிறேன். உடலின் செல்களில் உப்பைக் கடத்தும் ஒரு வாசல் வேலை செய்யாது. நுரையீரலில் சளி பசையாக இறுகும், கணையக் குழாய்கள் அடைபடும். பிள்ளை நன்றாகத்தான் சாப்பிடும், ஆனால் உடம்பு பிடிக்காது. மருத்துவர் டாரதி ஆண்டர்சன் 1938-ல் இதைத் தனி நோயாகப் பிரித்துக் காட்டினார். 1948-ல் நியூயார்க்கைக் கடும் வெயில் வாட்டியபோது இந்தப் பிள்ளைகள் சுருண்டு விழுந்தார்கள். அந்தத் தடத்தைப் பிடித்துப் போன டி சான்ட்’ஆக்னீஸ் என்ற மருத்துவர், வியர்வையில் உப்பு மிகுதியாக இருப்பதைக் கண்டார். நோயை உறுதிப்படுத்த இன்றுவரை முதன்மையான பரிசோதனை வியர்வைதான்.

தாய், தகப்பன் இருவருமே மரபணுவின் பழுதான ஒரு பிரதியைச் சுமந்தால் ஒவ்வொரு பேறுகாலத்திலும் பிள்ளைக்கு நோய் வர நான்கில் ஒரு வாய்ப்பு. அவர்கள் இருவரும் திடமாகவே இருப்பார்கள். அக்கா மகள், மாமன் மகள் என்று சொந்தத்திலேயே கொண்டு கொடுக்கும் நம் பக்கத்தில், இப்படிப்பட்ட நோய்களின் கணக்கு நமக்கு அந்நியமானதல்ல.

1985-ல் மரபணு 7-ஆவது குரோமோசோமில் இருப்பது தெரிந்துவிட்டது. ஆனால் அந்தக் குரோமோசோமோ பதினைந்து கோடி டி.என்.ஏ. எழுத்துகளுக்கும் மேல் நீளம்! சக்ரவர்த்தியின் கணக்கு நுழைந்தது இங்கேதான். பூர்வீக நிலம் தலைமுறைக்குத் தலைமுறை பாகம் பிரிந்தாலும், கிணற்றை ஒட்டிய துண்டு மட்டும் கிணற்றோடேயே போகும். பழுதும் அப்படித்தான். என்றோ ஒரு மூதாதையிடம் ஏற்பட்ட பிழை, தன் அக்கம்பக்கத்து அடையாளங்களையும் சேர்த்துக்கொண்டே சந்ததிக்கு இறங்கும். நோயாளிகள் எல்லோரிடமும் எந்த அடையாளம் அதிகம் திரும்பி வருகிறது என்று எண்ணினால் தேட வேண்டிய இடம் சுருங்கும். குடும்பம் குடும்பமாக எண்ணிப் பார்த்தார்கள். கடைசியில் அகப்பட்டது மூன்றே எழுத்துகளின் குறை. அதனால் 1480 அமினோ அமிலங்கள் கொண்ட புரதத்தில் 508-ஆவது இடத்து ஃபினைல்அலனைன் இல்லை. அவர்கள் பார்த்த நோய்க் குரோமோசோம்களில் ஏறத்தாழ 68 சதவீதத்தில் இதே குறை!

கண்டுபிடிப்பைவிட எனக்கு முக்கியமாகப் படுவது, எண்ணப்பட்டவர்கள் யார் என்பது. எண்ணியவர்களில் ஒருவர் இந்தியர். எண்ணப்பட்டவை பெரும்பாலும் ஐரோப்பிய வம்சாவளிக் குடும்பங்கள். இந்தியருக்கு இந்த நோய் வராது என்றே நம் மருத்துவ உலகம் நெடுங்காலம் நம்பியது. 1960-களிலேயே சண்டிகரிலிருந்து நோயாளி பற்றிய குறிப்பு வெளிவந்தும், நம்பிக்கை அசையவில்லை. களமருதூர் போன்ற ஒரு தமிழ்நாட்டுச் சிற்றூரில் ஓயாமல் இருமும், தேறாத பிள்ளையைச் சவலை என்பார்கள். டாக்டரிடம் போனால் ‘பிரைமரி காம்ப்ளெக்ஸ்’ என்று காசநோய் மருந்து தொடங்கிவிடும். காசநோய் மலிந்த நாட்டில் அந்தச் சந்தேகம் முதலில் வருவதைக் குறை சொல்ல முடியாது. வியர்வையைப் பார்க்காமலே விட்டுவிடுவதுதான் சங்கடம்.

டெல்லி எய்ம்ஸில் மருத்துவர்கள் சுஷில் கப்ராவும் மதுலிகா கப்ராவும் இந்த நோயைத் தேடத் தொடங்கினார்கள், கிடைத்தது. வெளிநாட்டுக் கருவி விலை கட்டுப்படியாகாததால், வியர்வை சேகரிக்கும் உள்நாட்டு முறையையே உருவாக்கி 2002-ல் வெளியிட்டது அவர்கள் குழு. மரபணுவைப் பார்த்தபோது இன்னொரு சிக்கல் தெரிந்தது. அந்த 508-ஆவது குறை இந்திய நோயாளிகளிடம் ஐரோப்பியர் அளவுக்கு இல்லை. நம்மவர்களிடம் பிழைகள் பலவகை. மேற்கத்திய நோயாளிகளைக் கொண்டு தொகுத்த பிழைப் பட்டியலை மட்டும் வைத்துச் சோதித்தால், நோய் இருந்தும் ‘இல்லை’ என்ற முடிவு வரக்கூடும். மரபணுவை முழுசாகப் படித்தாக வேண்டும்.

2019-ல் அமெரிக்காவில் இந்த நோய்க்கான டிரைகாஃப்டா என்ற கூட்டு மருந்துக்கு அனுமதி கிடைத்தது. அப்போது அங்கே ஆண்டுக்கு மூன்று லட்சம் டாலருக்கும் மேல் விலை இருந்தது. 12 வயது நிரம்பியவர்களுக்கு, அதிலும் அந்த 508-ஆவது குறை ஒரு பிரதியிலாவது இருப்பவர்களுக்கு என்றே முதல் அனுமதி வரையறுக்கப்பட்டிருந்தது.