எட்டு மாத ஊழியம்



நாள்தோறும் காலையில் வகுப்பாசிரியர் இடாப்பைத் திறந்து பெயர்களைக் கூப்பிடுகின்றார். "உள்ளேன் ஐயா" என்று ஒவ்வொரு மாணவனும் குரல் கொடுக்கின்றான். அக்குரல் ஒரு நொடியில் முடிந்துவிடும். ஆயின், அவன் மெய்யாகவே வகுப்பில் இருக்கின்றானா என்பது, மாலை மணி அடிக்கும் வரை அவன் செய்யும் வேலையினாலேயே தெரியவரும். இறைவனின் அழைப்புக்கு மனிதன் அளிக்கும் விடையும் இத்தகையதே என்று, பாடசாலை அதிபராகிய எனக்குத் தோன்றுவதுண்டு.

லூக்கா எழுதிய சுவிசேஷத்திலே இயேசுபிரான் ஓர் உவமை கூறுகின்றார். ஒருவன் பெருவிருந்து செய்து பலரை அழைத்தான். வயல் வாங்கியிருக்கின்றேன் என்றான் ஒருவன். ஐந்து ஏர் மாடு வாங்கியிருக்கின்றேன் என்றான் மற்றொருவன். மணம் முடித்திருக்கின்றேன் என்றான் வேறொருவன். வயலும் மாடும் இல்லறமும் தீயவை அல்ல. வேளாண்மை செய்து வாழும் மட்டக்களப்பு மக்களுக்கு இதனை விளக்க வேண்டுவதில்லை. நல்லவையாக இருந்தமையாலேயே அவை நல்ல சாக்குகளாகவும் பயன்பட்டன. தீய காரியத்தைக் காட்டி அழைப்பை மறுப்பவர் சிலரே. நல்ல காரியத்தைக் காட்டி மறுப்பவரே பலர்.

இதனை மனத்திற் கொண்டு, நமது வாவிக்கரையின் வரலாற்றிலே ஒரு பக்கத்தைப் புரட்டுவோம்.

ஆங்கிலேயர் இலங்கையின் கரையோரங்களை ஒல்லாந்தரிடமிருந்து கைப்பற்றியது 1796 ஆம் ஆண்டில். பதினேழு ஆண்டுகளின் பின்னர், 1813 இல், இங்கிலாந்து மெதடிஸ்த திருச்சபையின் மாநாட்டிலே, முதியவரான தோமஸ் கோக் என்பவர் இலங்கைக்கு ஊழியரை அனுப்ப வேண்டுமென மன்றாடினார். அதற்குத் தமது சொந்தப் பொருளையும் வழங்க முன்வந்தார். அவ்வாண்டு டிசம்பர் இறுதியில் அவரும் இளம் போதகர் சிலரும் கப்பலேறினர். அவர்களுள் ஒருவரே வில்லியம் ஓல்ட்.

அப்பயணம் துயரம் நிறைந்ததாயிற்று. ஓல்டின் மனைவி கப்பலிலேயே உயிர் நீத்தார். கடலே அவருக்குக் கல்லறையாயிற்று. 1814 மே 3 ஆம் நாள், தலைவராகிய கோக்கும் தமது அறையிலே இறந்து கிடக்கக் காணப்பட்டார். எவருடைய அழைப்பை நம்பிப் புறப்பட்டார்களோ, அவரே இந்து சமுத்திரத்தில் அடக்கம் பெற்றார்.

"மணம் முடித்தேன், வர இயலாது" என்றான் உவமையில் வந்தவன். ஓல்டோ மனைவியை இழந்தவர். "என்னால் இயலாது, திரும்பிச் செல்கின்றேன்" என்று அவர் கூறியிருப்பின், எவர் குறை சொல்வார்? உவமையில் வரும் மூன்று சாக்குகளையும் விட வலிய காரணம் அவரிடம் இருந்தது. அவர் அதனைக் கையிலெடுக்கவில்லை.

1814 ஜூன் மாத இறுதியில் போதகர்கள் இலங்கையின் தென்கரையை அடைந்தனர். லிஞ்ச், ஸ்குவான்ஸ் என்னும் இருவர் யாழ்ப்பாணத்துக்குச் சென்றனர். ஓல்ட் தன்னந்தனியாக மட்டக்களப்புக்கு வந்தார். மொழி புதிது, வெயில் புதிது, ஆறுதல் சொல்லச் சகபோதகர் அருகில் இல்லை. அவர் தமிழ் கற்கத் தொடங்கினார். பிள்ளைகளைக் கூட்டிப் பாடசாலைகள் அமைத்தார். எட்டு மாதங்களில் எட்டுப் பாடசாலைகளை அவர் நிறுவினார் என்று மெதடிஸ்த வரலாறு கூறும். பின்னர் நோயுற்று, 1815 ஏப்ரல் 1 ஆம் நாள் காலமானார்.

எட்டு மாதம்! ஒரு பாடசாலை ஆண்டுகூட நிறைவுறவில்லை. அவர் விதைத்ததன் விளைவை அவர் காணவில்லை. கடல் கடந்து வந்தது இதற்காகத்தானா என்று அக்காலத்தில் எவரேனும் கேட்டிருந்தால், தக்க விடை சொல்வது எளிதன்று.

வேறொரு கேள்வியும் எழும். இப்போதகர்கள் அந்நிய ஆட்சியின் நிழலிலே வந்தவர்கள் அல்லரா? ஆம், வந்தவர்களே. இந்நாட்டுச் சமயங்களை அக்காலத்து மிஷனரிமார் பலர் சரிவர அறிந்துகொள்ளவில்லை என்பதும் உண்மை. வரலாறு படிப்போர் இதனை மறைத்தல் கூடாது. ஆயினும் ஆட்சி மறைந்தது, பாடசாலை நிலைத்தது. ஓல்ட் தொடக்கிய பணியிலிருந்து வளர்ந்த மட்டக்களப்பு மெதடிஸ்த மத்திய கல்லூரி, 2014 ஆம் ஆண்டில் இருநூறு ஆண்டுகளை நிறைவுசெய்தது. பல சமயத்துப் பிள்ளைகளும் அங்கே கற்றனர்; கற்கின்றனர்.

விதை விழுந்த இடத்தில் மட்டுமே பயிர் முளைப்பதில்லை. 1892 இல் காரைதீவிலே பிறந்த மயில்வாகனன் என்னும் சிறுவன், கல்முனை மெதடிஸ்த பாடசாலையிலும் பின்னர் புனித மிக்கேல் கல்லூரியிலும் பயின்றான். அவரே இராமகிருஷ்ண சங்கத்துத் துறவியாகி, யாழ் நூல் தந்த சுவாமி விபுலாநந்தர். மிஷன் பாடசாலையில் எழுத்தறிந்தவர், தமது சமய நெறியில் நின்று தமக்கு வந்த அழைப்புக்கு விடை கொடுத்தார். கல்லடியிலே சிவானந்த வித்தியாலயத்தை எழுப்பினார். ஓல்ட் இதனை எதிர்பார்த்திருக்க மாட்டார். அழைப்புக்கு உண்மையாக உழைப்பவனுடைய பணி, அவன் வகுத்த வரம்புக்குள் அடங்கி நிற்பதில்லை.

கிறிஸ்தவ வாழ்விலே உண்மையுள்ளவன் என்பதற்குப் பொருள் வெற்றி பெற்றவன் என்பதன்று. அழைக்கப்பட்ட இடத்திலே, கொடுக்கப்பட்ட நாள் அளவும், கையில் உள்ள வேலையைச் செய்தவன் என்பதே பொருள். நாளின் நீளம் நம்மிடம் இல்லை. அந்நாளை நிறைப்பது மட்டுமே நம்மிடம் உண்டு.

நேயர்களே, பெருங்கடல் கடக்கும் அழைப்பு நம்மிற் பெரும்பாலோருக்கு வருவதில்லை. நோயுற்ற அயலவரின் வீட்டிலிருந்தும், பின்வாங்கில் அமர்ந்திருக்கும் பிள்ளையின் முகத்திலிருந்தும், பகை மறந்து பேச வேண்டிய உறவினரின் வாசலிலிருந்தும் அது வருகின்றது. அப்போது நாமும் வயலையும் மாட்டையும் நினைப்போம். நினைப்பது இயல்பே. நினைத்த பின்னரும் எழுந்து செல்கின்றோமா என்பதே கேள்வி.

இடாப்பு திறந்திருக்கின்றது. "உள்ளேன் ஐயா" என்று சொல்வோம். சொல்லியபின், மாலை மணி எப்போது அடித்தாலும், அதுவரை வேலையில் இருப்போம்.