வட்டிலாப்பம்

வட்டிலாப்பம் (வட்டலப்பம், வட்லாப்பம்) என்பது முட்டை, தேங்காய்ப்பால், வெல்லம் ஆகியவற்றைக் கலந்து ஆவியில் அவித்துச் செய்யப்படும் இனிப்புப் பண்டம் ஆகும். தூத்துக்குடி மாவட்டத்தின் காயல்பட்டினம், இராமநாதபுரம் மாவட்டத்தின் கீழக்கரை ஆகிய கடற்கரை ஊர்களிலும் இலங்கையிலும் வாழும் முசுலிம்கள் நோன்புப் பெருநாளிலும் திருமண விருந்துகளிலும் இதனைப் பரிமாறுவர். பிரான்சின் கிரேம் கேரமலைப் போல இதுவும் கஸ்டர்டு வகையைச் சேர்ந்தது.

பெயரும் தோற்றமும்

வட்டில் என்பது கிண்ணத்தைக் குறிக்கும் தமிழ்ச் சொல். வட்டிலில் ஊற்றி அவிக்கும் அப்பம் என்பதே பெயரின் பொருள் என்பர். ஆனால் அப்பத்திற்குரிய அரிசிமாவு இதில் சிறிதும் இல்லை. பெயர் தமிழாக இருப்பதைக் கொண்டு பண்டமும் இங்கேயே தோன்றியது எனக் கொள்ள இயலாது. ஒல்லாந்தர் ஆட்சிக் காலத்தில் சாவகம் முதலிய தீவுகளிலிருந்து இலங்கைக்குக் கொண்டுவரப்பட்ட மலாய்ப் படைவீரர்களும் நாடுகடத்தப்பட்டோரும் இதனை அறிமுகப்படுத்தினர் என்பது பரவலான கருத்து. முட்டை, தேங்காய்ப்பால், சர்க்கரை ஆகிய மூன்றையும் கொண்டு மலாய் மக்கள் செய்யும் செரிகாயா இக்கருத்துக்கு வலுச்சேர்க்கிறது. கீழக்கரையின் தொதலும் மலாய் நாடுகளின் தொடோல் என்பதன் உறவே. 1658 இல் தூத்துக்குடியும் ஒல்லாந்தர் வசமானது. இரு கரைகளுக்கும் இடையே முசுலிம் வணிகர்களின் போக்குவரத்து இடையறாது நிகழ்ந்தது.

பிரான்சில் பிரான்சுவா மாசியாலோ 1691 இல் வெளியிட்ட சமையல் நூலில் கிரேம் புரூலே செய்முறை காணப்படுகிறது. அதற்கு மஞ்சட்கருவும் பசும்பாலும் தேவை. வட்டிலாப்பத்தில் முழு முட்டையும் தேங்காய்ப்பாலும் சேர்வதால் நெய்ப்பும் மணமும் வேறுபடுகின்றன.

செய்முறை

10 முட்டைகளுக்கு ஏறத்தாழ 500 கிராம் வெல்லமும் ஒரு பெரிய தேங்காயின் கெட்டியான முதற்பாலும் வேண்டும். இலங்கையில் கித்துள் வெல்லம் சிறப்பாகக் கருதப்படுகிறது. தமிழகத்தில் சீனி சேர்ப்பவர்களும் உளர். வெல்லத்தைச் சிறிது நீரில் கரைத்து வடிகட்டி நன்கு ஆறவிட வேண்டும். சூடாகச் சேர்த்தால் முட்டை திரிந்துவிடும். நுரை பொங்காமல் அடித்த முட்டையுடன் வெல்லக் கரைசல், தேங்காய்ப்பால், ஏலக்காய்த்தூள் ஆகியவற்றைக் கலந்து மீண்டும் வடிகட்டிக் கிண்ணத்தில் ஊற்றி, மேலே முந்திரிப் பருப்பைத் தூவுவர். ஆவிநீர் சொட்டாதவாறு கிண்ணத்தை மூடி, மெல்லிய தீயில் அவிக்க வேண்டும்.

தீயின் அளவே இங்கு முதன்மையானது. முட்டையின் புரதங்கள் ஏறத்தாழ 80 பாகை செல்சியசில் ஒன்றோடொன்று பிணைந்து நீரைத் தம்முள் பிடித்துக்கொள்கின்றன. வெப்பம் மிகுந்தால் பிணைப்பு இறுகி நீர் வெளியேறும். பண்டத்தில் துளைகள் விழும். பிரெஞ்சுச் சமையலில் இது குறையாகவே கருதப்படும். வட்டிலாப்பத்தில் பாகு ஊறிநிற்கும் அத்துளைகளை விரும்பி உண்போரும் உளர். நடுவில் ஒரு குச்சியைச் செருகி எடுக்கும்போது ஒட்டாமல் வந்தால் வெந்துவிட்டது எனலாம். ஆறிய பின்னரே துண்டுகளாக வெட்டுவர்.